உர்சுலா கையெழுத்துப் போடாத பதினொரு பெட்டிகள்

காலை ஆறே முக்காலுக்கு கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம். எல்லாரும் நகரத்துக்குள் வேலை பார்ப்பவர்கள். எதிர்த்திசையில் கிள்ளானுக்கு ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் உர்சுலா அக்காவும் ஒருவர். ஐம்பத்தொரு வயது. குட்டையான உருவம், குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் துணிப்பை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு மாடி மேலே, கணவர் லியனார்டோடு குடியிருக்கிறார். நான் ஷா ஆலாமில் வேலை செய்வதால் இருவருக்கும் ஒரே ரயில்.

நான்கு வருடம் முன்பு என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டு தேய்ந்துபோனது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். பேச்சுவாக்கில் அக்காவிடம் எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடிகூடப் போடவில்லை. நட்டின் துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது பைன் மரை தம்பி. உள்ள பல்லு நெருக்கமா இருக்கு பாருங்க. சாதாரண ஹார்ட்வேர் கடையில கேட்டா அகல மரைய குடுத்துருவாங்க. வாங்கிடாதீங்க லா. நாளைக்கு நானே கொண்டாறேன்."

மறுநாள் கொண்டுவந்தார். மாட்டினேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

அக்கா வேலை பார்ப்பது கிள்ளானில், காப்பார் சாலையில் உள்ள ஒரு போல்ட் நட்டுக் கடையில். முதலாளி ராதாகிருஷ்ணன். முன்பக்கம் கவுண்டர், பின்பக்கம் ஸ்டோர். ஸ்டோரில் கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள். கடுகளவு நட்டிலிருந்து கையகலத்துக்கு இருக்கும் நட்டு வரை மூவாயிரத்துச் சொச்சம் வகை. பெரிய கட்டுமானக் குத்தகை வேலைகளுக்குப் போகும் சரக்கை அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லோரியில் ஏறும். இப்போது அது அந்தக் கடையின் சட்டம். ஆனால் அவர் அங்கே சேர்ந்தது பில் டைப் அடிக்கத்தான்.

அந்தக் கதையை அவரே சொன்னார். சேர்ந்து மூன்றாவது மாதம். கவுண்டரில் நிற்பவர் லீவு. ஒருவர் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு நட்டு கேட்டிருக்கிறார். அக்கா பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்த அரை இஞ்சு நட்டுகளை அள்ளிக் கொடுத்துவிட்டார். மத்தியானம் அந்த ஆள் திரும்பி வந்து, நட்டுகளைக் கவுண்டரில் கொட்டினார். கடையில் எட்டுப் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"பொம்பளைய கவுண்டர்ல நிக்க வெச்சா இப்படித்தான் ஆகும்!"

"அவர் சொன்னது தப்பு," என்றார் அக்கா. "ஆனா நான் குடுத்த நட்டும் தப்புதானே. அதுதான் எனக்கு ரொம்ப சுட்டுச்சு."

அன்று சாயங்காலம் அந்தத் தப்பு நட்டையும் சரியான நட்டையும் ஒரு போல்ட்டோடு எடுத்துப்போய் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டில் அரை இஞ்சு நட்டு இரண்டு சுற்று லொடலொடவென்று ஏறுகிறது. மூன்றாவது சுற்றில் சிக்கி நிற்கிறது. மரைகளின் இடைவெளி வேறு என்பதால் பல் மேல் பல் ஏறிக்கொள்கிறது.

"அதுதான் பயங்கரம் தம்பி. ஸ்பேனர் போடுற ஆளுக்கு 'ஆ, இறுகிருச்சு'ன்னு தோணும். அது இறுகல. சிக்கியிருக்கு. ரெண்டும் வேற."

அதற்குப் பிறகு சிக்கியதற்கும் இறுகியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் விரல்களுக்கே சொல்லிக்கொடுத்தார். மரையின் இடைவெளி அளக்கும் சீப்பு போன்ற கருவியைக் கடையில் கேட்டு வாங்கினார். சரக்கோடு வரும் விவரப் புத்தகங்களை ரயிலில் படித்தார். வாடிக்கையாளர்கள் திருப்பித் தரும் ஒவ்வொரு நட்டையும் ஏன் திரும்பி வந்தது என்று பார்க்காமல் குப்பையில் போடமாட்டார். இரண்டு வருடத்தில் கவுண்டரே அவர் கைக்கு வந்தது. அன்று கத்தியவர் பிற்பாடு கடைக்குப் போன் போட்டு, "அந்த அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாராம்.

ஒருமுறை நான் கேட்டேன், "ஏன்கா நட்டுக்கு ஆறு பக்கம்? நாலு வெச்சா ஆகாதா?"

"ஆகுமே. ஆனா நாலு பக்கம்னா ஸ்பேனர கால் வட்டம் திருப்பினாத்தான் அடுத்த பிடி கெடைக்கும். இடுக்குல கைய அவ்வளவு திருப்ப முடியாது. எட்டு வெச்சா மூலை மழுங்கி வழுக்கிரும். ஆறுதான் கணக்கு. கொஞ்சம் திருப்பினா அடுத்த பிடி, பிடிச்சாலும் வழுக்காது." சொல்லும்போது அந்த ஆறு பக்கத்தையும் தானே கண்டுபிடித்ததுபோல முகத்தில் ஒரு பூரிப்பு.

போன வருடம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

சுபாங் ஜெயாவில் பெரிய சாலைக்கு மேலே கூரை போட்ட நடைபாலம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கடைகள், ஒரு பள்ளிக்கூடம். பாலத்தின் கூரைச் சட்டங்களுக்கும் கைப்பிடித் தூண்களுக்கும் வேண்டிய பதினாறு மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் ராதாகிருஷ்ணன் கடையிலிருந்து போகவேண்டும். மழையிலும் வெயிலிலும் கிடப்பவை என்பதால் துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. நட்டு மட்டும் பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு நூற்றைம்பது. வழக்கமாகத் தருபவரிடம் சரக்கு இல்லை. புதிதாக ஒரு கம்பெனியிடம் வாங்கினார்கள்.

சரக்கு வந்த நாளில் அக்கா லீவு. மகள் ஆட்ரிக்கு ஈப்போவில் பட்டமளிப்பு விழா. சைட்டில் அவசரம் என்று கேட்டதால் ஒரு பெட்டி மட்டும் அன்றைக்கே லோரியில் போய்விட்டது. மீதிப் பதினொரு பெட்டி ஸ்டோரில் இருந்தது.

அக்கா திரும்பி வந்து அதில் ஒரு பெட்டியைத் திறந்தார். நட்டின் முகத்தில் 8 என்று அழகாகப் பொறித்திருந்தது; அது அதன் வலுவைச் சொல்லும் எண். கூடவே வந்த சான்றிதழும் சரியாக இருந்தது. அக்கா ஒரு நட்டை எடுத்து அதே குத்தகைக்கான போல்ட்டில் விரலால் ஏற்றினார். வெண்ணெயில் போவதுபோல ஏறியது. பாதியில் நிறுத்தி, நட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆடியது.

"துத்தநாகப் பூச்சு போல்ட்டைத் தடிப்பாக்கும்," என்று எனக்கு விளக்கினார். "அதனால அந்த மாதிரி நட்டுக்கு உள்மரைய கொஞ்சம் பெருசாத்தான் வெட்டணும். கொஞ்சம்தான். இது கொஞ்சம் இல்ல. அளவுக்கு மேல வெட்டிட்டாங்க. பல்லு நுனி மட்டும்தான் பல்லத் தொடுது."

கடையில் அந்த வகை நட்டுக்கென்றே ஒரு அளவுகோல் உண்டு. இரண்டு முனையிலும் மரை வெட்டிய கம்பி. ஒரு முனை நட்டுக்குள் போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. அக்கா போகக்கூடாத முனையை வைத்துத் திருகினார். சரசரவென்று உள்ளே போய் அந்தப் பக்கம் தலை நீட்டியது. இன்னொரு நட்டு. அதிலும் போனது. ஐந்தாவது நட்டில் போகவில்லை. ஆறாவதில் போனது. பெட்டிக்குப் பெட்டி இதே கதை: நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தன.

ராதாகிருஷ்ணனின் மேசைக்குப் போனார்.

"பாஸ், இந்தச் சரக்கு போகாது."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையிலிருந்து சைட்காரர்கள் நாலு தடவை போன் போட்டிருந்தார்கள். "சர்ட்டிபிகேட் இருக்கே, உர்சுலா. நம்பர் பொறிச்சிருக்கு. நாளைக்கு கிரேன் வருதுங்கிறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"சர்ட்டிபிகேட் தாள்ல இருக்கு பாஸ். மரை நட்டுல இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ரெண்டு மூணு லூஸா இருந்தா எடுத்துப் போட்டுட்டு..."

"பாஸ், ஒன்னு சொல்றேன் கேளுங்க. நல்ல ஜோடியில அளவுக்கு மேல இறுக்கினா போல்ட்டுதான் முதல்ல அறுந்துபோகணும். போல்ட்டு அறுந்தா கண்ணுக்குத் தெரியும். மாத்திடலாம். நட்டுக்குள்ள மரை பிஞ்சா வெளியில ஒன்னுமே தெரியாது. நட்டு அங்கேயே உக்காந்திருக்கும், அழகா. ஆனா எதையும் பிடிச்சிருக்காது. கீழ பிள்ளைங்க நடந்து போவாங்க."

ராதாகிருஷ்ணன் போனை எடுத்து, சைட் இன்ஜினியரைக் கடைக்கே வரச்சொன்னார்.

இன்ஜினியர் பெயர் திருச்செல்வம். முப்பத்தைந்து வயது இருக்கும். காலணியெல்லாம் சேறு. வரும்போதே சூடாகத்தான் வந்தார்.

"யாரு சரக்க நிறுத்தினது?"

"நான்தான்," என்றார் அக்கா.

அவர் ராதாகிருஷ்ணனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "ஆன்டி, நான் இன்ஜினியரிங் படிச்சவன். டெஸ்ட் ரிப்போர்ட்ட நானே பாத்திருக்கேன். முதல் பெட்டிய மாட்டிக்கிட்டு இருக்காங்க, ஒரு கம்ப்ளெயினும் இல்ல. நட்டு ஈஸியா ஏறுதுன்னு பசங்களுக்கு சந்தோஷம்."

"அதான் தம்பி கம்ப்ளெயின்," என்றார் அக்கா. "உள்ள வாங்க."

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பிடிமேசை உண்டு. அதில் தடித்த தகடு ஒன்றைப் பூட்டி, அதன் துளையில் போல்ட்டைச் செருகினார். டார்க் ரெஞ்ச் என்று நீளமான ஸ்பேனர் ஒன்று இருக்கிறது; எவ்வளவு இறுக்கவேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும். அந்த அளவைத் திருச்செல்வமே வைத்தார். முதலில் கடையின் பழைய சரக்கில் ஒரு நட்டு. அக்கா இரண்டு கையாலும் இழுத்தார். டக்.

"இப்போ அந்தப் பெட்டியில இருந்து எடுங்க. நான் எடுக்க மாட்டேன். நீங்களே எடுங்க."

திருச்செல்வம் ஒன்றை எடுத்து மாட்டினார், இழுத்தார். டக். இன்னொன்று. டக். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ராதாகிருஷ்ணனோ, அக்காவை நம்பித் தான் அவமானப்படப் போகிறோமோ என்று அந்த நேரம் நினைத்ததாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

"பத்து எடுங்க," என்றார் அக்கா. குரல் மாறவில்லை.

மூன்றாவது நட்டை இழுத்தபோது சத்தம் வரவில்லை. இன்னும் இழுத்தார். வரவில்லை. ஸ்பேனர் திடீரென்று இலகுவாகி அரைவட்டம் ஓடியது. திருச்செல்வம் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டார். நட்டு போல்ட்டின் மேல் சும்மா சுற்றியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே மரை இல்லை. வழித்தெடுத்த சுருள் கம்பி மாதிரி பல்லெல்லாம் பிய்ந்து வந்திருந்தது.

திருச்செல்வம் நிறுத்தாமல் பத்தையும் செய்து பார்த்தார். நான்கு பிய்ந்தன.

கடைசி நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருச்செல்வம் மெதுவாகக் கேட்டார். "எப்படி ஆன்டி கண்டுபிடிச்சீங்க?"

"ஆட்டிப் பாத்தேன்."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "முதல் பெட்டி மேல ஏறிருச்சே."

"எத்தனை மாட்டியிருக்காங்க?"

"தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு இருக்கும்."

"சரி, போலாம். நானும் வரேன்."

ராதாகிருஷ்ணனே காரை எடுத்தார். அக்கா போகும் வழியிலேயே லியனார்டுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு லேட்டாகும், சோறு ஆக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாராம். லியனார்ட் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியாது. குரலிலேயே ஏதோ பெரிய காரியம் என்று புரிந்தது என்றார்.

சைட்டில் மஞ்சள் தொப்பியும் பாதுகாப்புப் பட்டையும் கொடுத்தார்கள். தொப்பி பெரிதாக இருந்ததால் புருவம்வரை இறங்கியது. சாரத்தில் இரண்டு தளம் ஏறவேண்டும். "நீங்க கீழ இருங்க ஆன்டி, நாங்க கழட்டிக் கொண்டாறோம்" என்றார் திருச்செல்வம். அக்கா கேட்கவில்லை. அவருக்கு உயரமென்றால் பயம். ரயில் நிலையத்து நகரும் படியில்கூடக் கைப்பிடியை விடமாட்டார். ஏறிவிட்டார்.

மேலே பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்கள் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கீழே சாலையில் லோரிகள் போகும்போதெல்லாம் சாரம் லேசாக நடுங்கியது. அக்கா மலாயில் அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னார். அதில் சுமோன் என்ற மேஸ்திரி உடனே தலையாட்டினார். இரண்டு நட்டு இறுக்கும்போது கை வெறுமையாகப் போனதுபோல இருந்ததாகவும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அதன்மேல் இன்னொரு நட்டைப் போட்டுப் பூட்டிவிட்டதாகவும் சொன்னார். அக்கா அவர் தோளைத் தட்டி, "உங்க கை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் மலாயில்.

மஞ்சள் பெயின்ட் பேனாவால் அந்தப் பெட்டியிலிருந்து போன ஒவ்வொரு நட்டிலும் அக்கா கோடு போட்டார். தொண்ணூற்றாறு. ஒன்றைக்கூட விட்டுவைக்கச் சம்மதிக்கவில்லை. "நல்லது எது, கெட்டது எதுன்னு ஒவ்வொன்னா பாத்துட்டு நல்லத வெச்சுக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார். "இறுக்கும்போது பாதி பிஞ்ச நட்டுக்கும் ஸ்பேனர் டக்குன்னு சொல்லும். நாளைக்குத்தான் மீதி பிய்யும்," என்றார் அக்கா. ஒருமுறை இறுக்கிய போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது என்பதால் போல்ட்டுகளும் சேர்ந்தே கழன்றன.

மறுநாள் கிரேன் சும்மாதான் நின்றது. பத்து நாள் வேலை தள்ளிப்போனது. சரக்கு தந்த கம்பெனி முதலில் முறுக்கிக்கொண்டது. ஷா ஆலாமில் ஒரு சோதனைக்கூடம் அதே முடிவை எழுதிக்கொடுத்ததும், மரை வெட்டும் கருவியை மாற்றும்போது தவறு நடந்ததாக ஒப்புக்கொண்டு எல்லாப் பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொண்டது. புதிய சரக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. அக்கா பெட்டிக்குப் பெட்டி அளந்து, ஒவ்வொன்றின் மேலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. ராதாகிருஷ்ணன் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "உர்சுலா கையெழுத்து இல்லாம இந்த வாசல விட்டு ஒரு குத்தகைப் பெட்டியும் போகக்கூடாது. நான் சொன்னாலும் போகக்கூடாது." அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா எனக்கு ரயிலில் மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் நான் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

திருச்செல்வமும் சும்மா இருக்கவில்லை. தன் கம்பெனியில் பேசி, புதிய வேலை தொடங்கும்போதெல்லாம் சைட் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க அக்காவை அழைக்க ஏற்பாடு செய்தார். முதல் வகுப்பு ஜெஞ்சாரோம் பக்கம், ஒரு தொழிற்சாலைக் கொட்டகை கட்டும் இடத்தில். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருக்க, அக்கா ஆளுக்கொரு போல்ட்டும் இரண்டு நட்டும் கொடுத்தார். "ஒன்னு நல்லது, ஒன்னு கெட்டது. கண்ண மூடிக்கிட்டு எதுன்னு சொல்லுங்க." நாற்பது பேரும் கண்ணை மூடி நட்டை ஆட்டும் லொடலொடச் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டதாம். முப்பத்தாறு பேர் சரியாகச் சொன்னார்கள். மீதி நாலு பேரையும் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

பாலம் இந்த வருடம் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் திறந்தது. விழாவெல்லாம் இல்லை, தடுப்பை எடுத்தார்கள், ஜனங்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவும் லியனார்டும் சுபாங் ஜெயாவுக்குக் கிளம்பினார்கள். "நீயும் வாயேன்" என்று லியனார்ட் அங்கிள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நல்ல மழை. பாலத்தில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்கள், டியூஷன் போகும் பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு சீன ஆன்டி. கூரையில் மழை தடதடவென்று விழுந்தது. உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா ஒரு தூண் பக்கத்தில் நின்று அதன் அடியில் வரிசையாக இருந்த நட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து ஒன்றின்மேல் விரல் வைத்தார். நிமிர்ந்தபோது முகம் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாயின் முகம்போல இருந்தது.

லியனார்ட் அங்கிளால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் குடையை உதறிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு ஆளிடம், "இந்த நட்டெல்லாம் பாத்தீங்களா? அத்தனையும் என் வொய்ஃப் பாத்துக் கையெழுத்துப் போட்டது" என்றார்.

அந்த ஆள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஓ, அவங்க இன்ஜினியரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார் அக்கா, கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே. "போல்ட் நட்டுக் கடையில வேலை செய்றேன். கிள்ளான்ல."